நான்காவது காம்பு

மொக்கம்மாள் பசுவின் மடியைக் கழுவிவிட்டுக் கன்றைச் சிறிது நேரம் முட்ட விட்டாள். பால் இறங்கியதும் கன்றை இழுத்துப் பசுவின் முன்காலோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு குந்தி உட்கார்ந்து மூன்று காம்புகளில் மட்டும் கறந்தாள். நான்காவது கன்றுக்கு. அதில் யாரும் கை வைப்பதில்லை. பொட்டிப்புரத்தில் அவள் அப்பன் வீட்டு வழக்கம் அது. இந்த மயிலைப் பசுவும் அந்த வீட்டுச் சீதனம்தான்.

பால் செம்பின் கழுத்துவரை வந்தது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ஒச்சாண்டி குனிந்து பார்த்துக்கொண்டான்.

முன்பெல்லாம் அவன் கறக்கும்போது நிற்பதில்லை. போன மாதம் தாலுகா போர்டு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபமணி ஊருக்கு வந்திருந்தாள். மொக்கம்மாளின் இரண்டரை வயது மகள் பூமாரியின் காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, மேலே எழும்ப நேரம் எடுத்தது. செம்பட்டை பாய்ந்த முடியில் ஒரு கொத்தைப் பிடித்தாள். இழுக்காமலே கையோடு வந்தது. தாய்ப்பால் எப்போது நின்றது என்று கேட்டாள். அடுத்தது வயிற்றில் தங்கியபோது என்றாள் மொக்கம்மாள். கேப்பைக்கூழ் மட்டும் போதாது, தினம் ஓர் ஆழாக்குப் பால் கொடு என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மொக்கம்மாள் ஓர் ஆழாக்கை எடுத்து வைத்துவிட்டுச் செம்பில் அவ்வளவு தண்ணீர் ஊற்றினாள். தினம் செம்பு நிறையப் பால் வாங்கி உத்தமபாளையத்தில் காப்பி கிளப் நடத்தும் வைகுண்டராஜ் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்த்தார். அது நகத்தில் நிற்காமல் ஓடியது. தாலுகா கச்சேரிக்கு வழக்காட வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, செம்புப் பால் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தார். அன்றிலிருந்து ஒச்சாண்டி பக்கத்தில் நிற்கிறான். பூமாரி பால் குடித்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் பயத்தில், அடுப்படி இருட்டில் வைத்துக் கொடுத்தது. பிள்ளையின் முகத்தைக்கூட மொக்கம்மாளால் பார்க்க முடியவில்லை.

களையெடுத்த கூலி வாங்கப் போகும் வீட்டில் முதலாளியின் பேரன் பால் குடித்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வருவான். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். அவன் அதைத் துடைக்க மாட்டான். மொக்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வரப்பில் பசுவுக்குப் புல் அறுக்கும்போதும் அந்தக் கோடுதான் நினைவுக்கு வரும்.

ஒச்சாண்டி செம்பின் வாயில் வாழையிலையை வைத்துக் கட்டினான்.

"இந்தாங்க," என்றாள். "பால் கொண்டு போறவுகளுக்குக் கிளப்புல ஒரு காப்பி சும்மா தாராகல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தக் காப்பிக்குப் பதிலா அம்புட்டுப் பாலாக் கேட்டு வாங்கியாங்களேன். செம்புல கொறையாது. அவுகளுக்கும் நட்டமில்ல."

ஒச்சாண்டி சிரித்தான். "நல்லாத்தான் கணக்குப் போடுற. அங்கன அம்புட்டு ஆம்பளைக உக்காந்திருக்கைல, பிள்ளைக்குப் பால் குடுங்கன்னு நின்னா என்ன சொல்லுவாக? ஏற்கெனவே என்னயத் தண்ணிச்செம்புன்னுதான் கூப்புடுறாக."

"நானே கொண்டு போயிக் கேக்கட்டா?"

"காப்பி கிளப்புக்குப் பொம்பள போவாளா? பேச்சப் பாரு."

அவள் உள்ளே போய், மூடி போட்ட சின்னத் தூக்குச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்தின நாளே சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். ஒச்சாண்டி அதையும் பிள்ளையையும் பார்த்தான். பூமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈ மொய்ப்பதைக்கூட விரட்டவில்லை.

"சரி, குடு. பாப்பம்," என்று வாங்கிக்கொண்டான்.

அன்று அவளுக்கு ரோட்டோர வயலில் களையெடுப்பு. மற்ற பெண்கள் நடுவில் இறங்க, அவள் ரோட்டை ஒட்டிய பாத்தியை எடுத்துக்கொண்டாள். பூமாரியை வரப்பில் துணி விரித்து உட்கார வைத்தாள். அவர்களில் கருத்தம்மாள், அவள் ரோட்டையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "புருசன் வர்ற வழிய இன்னுமா பாத்துக்கிட்டிருக்க? ரெண்டாவதே வயித்துல வந்தாச்சு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மொக்கம்மாளும் சிரித்தாள். கம்பம் ஊர்ப் பக்கமிருந்து வண்டிகள் வந்து போயின. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஒச்சாண்டி வருவது தெரிந்தது. ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு கரையேறினாள்.

தூக்குச்சட்டியை வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கனமில்லை. இருந்தும் திறந்து பார்த்தாள். தேய்த்து வைத்தபடியே பளபளவென்று இருந்தது.

"இன்னைக்குக் கச்சேரி நாளு. ஒரே கூட்டம்," என்றான். "கிளாசக் கையில குடுத்துட்டாக. வாய் வரல, புள்ள."

அவன் பேசியபோது காப்பி மணத்தது.

"நாளைக்கிக் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு அவன் பிள்ளையின் தலையைத் தடவினான். கையில் ஒட்டிய முடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தான்.

சாயங்காலம் மறுபடி செம்பு நிறைந்தது. ஒச்சாண்டி அதைத் தூக்கித் திண்ணையில் வைத்து இலை கட்டினான். மொக்கம்மாள் கன்றை அவிழ்த்து விட்டாள். அது பாய்ந்து போய் நான்காவது காம்பைக் கவ்வியது. கிடேரிக் கன்று. கழுத்தும் முதுகும் மினுமினுத்தன. முட்டி முட்டிக் குடித்ததில் அதன் கடைவாயில் நுரை வழிந்தது.

பூமாரி சுவரை விட்டு நகர்ந்து, உட்கார்ந்தவாக்கிலேயே தேய்த்துக்கொண்டு வந்தாள். கன்றின் பக்கம் போய்க் கையை நீட்டினாள். கடைவாய் நுரையை விரலால் வழித்து வாயில் வைத்தாள். மறுபடி வழித்தாள். கன்று விலகவில்லை. மூன்றாம் முறை உள்ளங்கை நிறைய அள்ளி, முகத்தோடு அழுத்தி நக்கினாள்.

"பிள்ளையத் தூக்கு," என்றான் ஒச்சாண்டி, இலையைக் கட்டியபடியே. "கன்னு மெரண்டு குடிக்காமப் போயிறப் போகுது."

மொக்கம்மாள் பிள்ளையைத் தூக்கினாள். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அது காயும்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.