ஏழாம் கட்டிலின் மணி

"பிளாஸ்க்கு நெறைய வாங்காதீங்க, மூடி ஒழுகும்" என்றாள் ஜெபமாலை.

"ஒழுகாமப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"முப்பது வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க."

எனக்கும் என் மனைவிக்கும் நடந்த கடைசிப் பேச்சு இது. அப்போது மதியம் ஒன்று பத்து.

விராலிமலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மூச்சிரைப்பு என்று சேர்த்து மூன்றாவது நாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். குடிக்க வெந்நீர்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வெந்நீர் கிடையாது. ரோட்டைத் தாண்டி மலையாண்டியின் டீக்கடையில் வாங்க வேண்டும். அன்று பிளாஸ்க்கோடு எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். பதினோரு நிமிடம் கழித்து நான் திரும்பி வந்தபோது ஏழாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள்.

பிளாஸ்க் ஒழுகவில்லை.

பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸோடு கிடந்த சொர்ணம் அழுதுகொண்டே சொன்னாள். "அண்ணே, அக்கா மூணு தடவ மணிய அமுக்குச்சு. வந்துருவாங்கன்னுதான் நானும் கெடந்தேன். ஆளக் காணமேன்னு பெறகுதான் கத்துனேன்."

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் தர மேம்பாட்டுக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தவறு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, அடிக்காரணத்தைக் கண்டு, அது மறுபடி நடக்காமல் செய்வது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். நான் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேன். ஃபியூஸ் போனால் நாங்களும் அப்படித்தான் தேடுவோம். படிவம் மட்டும் இருக்காது.

குழுவில் பெரிய டாக்டரும், தர அலுவலர் சுடர்விழியும், அந்த வார்டின் நர்ஸ் நான்சியும் இருந்தார்கள். சுடர்விழிக்கு என் மகள் வயது இருக்கும். அந்தப் பெண்தான் படிவத்தை வாசித்தது. உதவி ஏன் தாமதம்? நர்ஸுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? மணி அடிக்கப்படவில்லை. ஏன் அடிக்கப்படவில்லை? நோயாளியால் முடியவில்லை, உதவிக்கு உடனிருப்பவர் இல்லை. அவர் ஏன் இல்லை? டீக்கடைக்குச் சென்றிருந்தார். ஏன் சென்றார்? வார்டை விட்டுப் போகக் கூடாது என்ற அறிவிப்பு ஒட்டப்படவில்லை.

தீர்வு: அறிவிப்பு ஒட்டுதல்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார் டாக்டர்.

முப்பது வருடம் கூட இருந்தவன் அந்தப் பதினோரு நிமிடம் டீ குடிக்கப் போனான் என்று அந்தத் தாளில் நிற்கும். என் காலத்துக்குப் பிறகும் நிற்கும். நான் பேனாவை எடுக்கவில்லை.

"அவ மூணு தடவ அமுக்கியிருக்கா சார்."

"மணி நல்லா வேலை செய்யுதுங்க. மாசாமாசம் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு."

"யாரு டெஸ்ட் பண்றது?"

"நான்தாங்கய்யா" என்றது சுடர்விழி. "ஆயா ஒவ்வொரு கட்டில்லயும் அமுக்குவாங்க. எனக்கு நல்லாக் கேக்கும்."

"எங்க ஒக்காந்து கேப்பீங்க?"

"என் ரூம்லதான்."

வார்டைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டிப்போனார்கள். ஏழாம் கட்டிலில் யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு சுவிட்சை அமுக்கினேன். சத்தம் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நர்ஸுகளின் மேசையில் யாரும் தலையைத் தூக்கவில்லை. சுவரோடு போன ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது அந்த மேசைப் பக்கம் போகவே இல்லை. மூலையில் திரும்பி, 'தர மேம்பாட்டுப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழைந்தது. அறை பூட்டியிருந்தது. திறந்தார்கள். பீரோவுக்கு மேலே மணி இருந்தது.

"முன்னாடி இதுதாங்க எங்க ரூம்" என்றார் நான்சி. "நர்ஸுங்க எல்லாரு கண்ணுலயும் படணும்னு ஆய்வுக்கு வந்தவங்க சொன்னாங்க. அங்கிட்டு மாத்திட்டாங்க."

"அப்ப இத்தனை நாளா யாரு கூப்பிட்டாலும் ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நான்சி சுடர்விழியைப் பார்த்தார்.

"மணி அடிச்சா நான் ஓடிப்போய்ச் சொல்லிருவேங்கய்யா" என்றது அந்தப் பெண். "என் வேலை இல்லதான். ஆனா அடிக்குதேன்னு..." ஒன்றிலிருந்து இரண்டு வரை அதற்குச் சாப்பாட்டு நேரம், அறை பூட்டியிருக்கும்.

டாக்டர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் ஒயரை மாத்தலைன்னு கேக்கணும்ல?" என்றேன். "கேக்கணும்" என்றார்.

படிவத்தைப் புதிதாக எழுதினார்கள். மணி அடிக்கப்பட்டது என்று எழுதினார்கள். டீக்கடை வரியை அடிக்கப் போனபோது நான் தடுத்தேன். போனது உண்மை. 'வெந்நீர் வாங்க' என்று சேர்க்கச் சொன்னேன். அது ஏன் என்று ஆறாவதாக ஒரு கேள்வி வேண்டும் என்றேன். படிவத்தில் ஐந்து கட்டம்தான் இருந்தது. சுடர்விழி ஓரத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டது: 'வார்டில் வெந்நீர் இல்லை.' கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே மணியை நர்ஸுகளின் மேசைக்கு மாற்றினார்கள். என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கீரனூரிலிருந்து பஸ் ஏறிப் போய் ஏழாம் கட்டில் சுவிட்சை அமுக்கி, கடிகாரத்தைப் பார்ப்பேன். போன மாதம் பத்தொன்பது நொடியில் நான்சி வந்துவிட்டார். "நீங்கதானா?" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஓரத்தில் எழுதிய வரி இரண்டு வருடமாகப் பரிசீலனையில் இருக்கிறது. வெந்நீர் இன்னும் மலையாண்டி கடையில்தான்.