மணிமாறன் போட்ட வடிகட்டி

மணிமாறனுக்கு வீட்டில் நல்ல மரியாதை. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவன்தான், கேஸ் புக்காகாவிட்டாலும் அவன்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விற்று பழுதும் பார்க்கிற ஒரு கடையில் வேலை. அங்கே முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆள், வீட்டுக்கு வந்தால் விஞ்ஞானி. தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்று சொன்னால் அவனே கூட இப்போது மறுக்கமாட்டான்.

அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் சீனுவாசன் ஓமந்தூரில் இருந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். காலையில் வண்டியை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அண்ணி சித்ராவுக்கு ஒரே மகள், அவளைக் கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மணிமாறன் ஸ்கூல் படிக்கும்போதே அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் சித்ரா. இன்றைக்கும் அவனுக்குத் தட்டு வைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்கிறவள் அவள்தான். கட்டின மனைவி கவிதா கூட அப்படிச் சொல்வதில்லை.

போன வருஷக் கடைசியில், ஒன்பதாவது படிக்கும் மணிமாறன் மகள் கலையரசி ஏதோ பாடத்தைப் போனில் தேடும்போது நடுவில் ஒரு அசிங்கமான விளம்பரம் வந்து குதித்தது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மணிமாறனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரத்தோடு சந்தேகமும். கவிதாவின் தம்பி தேவா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். புத்தகத்தைவிடப் போனைத்தான் அதிகம் படித்தான். இவன் கண்டதையும் பார்ப்பதால்தான் வீட்டு நெட்டில் கண்டதும் வருகிறது என்று மணிமாறன் முடிவு கட்டினான். அந்தக் கணக்கு தப்பு என்று அவன் தொழிலுக்கே தெரியும். ஆனால் மச்சான்மேல் பழி போடக் கிடைத்த வாய்ப்பை யார் விடுவார்கள்?

வீட்டு நெட்டுக்கு ஒரு வடிகட்டி போட்டான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாம் ஒரு வெப்சைட்டின் பேரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறது என்று வழி சொல்ல டிஎன்எஸ் என்று ஒரு சர்வர் இருக்கிறது. நெட் கம்பெனிக்காரன் கொடுத்த சர்வர் கேட்டதற்கெல்லாம் வழி சொல்லும். அதை எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்கு வழி கேட்டால் கையை விரிக்கிற சர்வராகப் பார்த்து ரவுட்டரில் போட்டான். கடையில் வாடிக்கையாளர்களுக்கு அவன் செய்துகொடுக்கிற வேலைதான். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நல்ல காவல் அது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவன் நிறுத்தவில்லை. முகவரியில் இன்னின்ன சொல் வந்தால் மூடு என்று சேர்க்கவும் அதில் வசதி இருந்தது. தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் உட்கார்ந்து யோசித்து யோசித்து இங்கிலீஷில் ஏற்றினான். பெண்களின் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றின் பேரையும் கெட்ட வார்த்தை என்றே ஏற்றினான். மூடின பக்கத்தில் என்ன தெரியவேண்டும் என்பதையும் நாமே எழுதலாம். எல்லார் போனையும் வாங்கி, அந்தப் பக்கம் சரியாக வருவதற்கு வேண்டியதைச் செய்துவிட்டு, தேவாவை மனசில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதினான்: ‘நீங்கள் இங்கே என்ன பார்க்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்படிக்கு, மணிமாறன்.’

அது வெறும் பூச்சாண்டி. யார் எதைத் தட்டினார்கள் என்று அவன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க அவனுக்குப் பொறுமையும் இல்லை, மச்சானுடைய வண்டவாளத்தைப் பார்க்கும் தைரியமும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிமாறன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தேவா எதிரில். குழம்பு ஊற்ற வந்த சித்ரா கரண்டியோடு நின்றாள்.

“தம்பி, நெட்டுல யாரு இன்னா பாக்குறாங்கன்னு உனக்கு நெசமாவே தெரியுமா?”

தேவா காதில் விழட்டும் என்று மணிமாறன் குரலை உயர்த்தினான். “எல்லாம் தெரியும் அண்ணி. எங்கிட்டருந்து ஒருத்தரும் தப்பிக்க முடியாது. நேரம் வரும்போது பேசிக்கலாம்னு வுட்டு வெச்சிருக்கேன்.”

சித்ரா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். “சரி தம்பி” என்று குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவன் ஹாலில் இருந்தால் அவள் வந்து உட்காருவது குறைந்தது. ஆனால் அவ்வப்போது அடுப்படி வாசலில் நின்று அவனைப் பார்ப்பாள். ஏதாவது வேணுமா அண்ணி என்பான். ஒன்றுமில்லை என்பாள். வயசாகிறது, மகள் ஞாபகம் போலிருக்கிறது என்று அவனாகவே காரணம் சொல்லிக்கொண்டான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது சித்ராவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. கவிதா பார்த்துவிட்டாள். விடாமல் கேட்டாள். அண்ணி ரவிக்கையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியதும் கவிதா உடனே மணிமாறனுக்குப் போன் போட்டாள். அன்றைக்கே விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். சோதனையெல்லாம் எடுத்துப் பார்த்து, மார்பில் புற்றுநோய்க் கட்டி, அக்குள்வரை பரவியிருக்கிறது என்றார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கவேண்டும், பிறகு ஆபரேஷன், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். தை மாசத்துலேருந்து என்றாள் சித்ரா. “இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டார்.

மருந்து ஏற்ற வார்டில் சேர்த்ததும் அண்ணியோடு அண்ணன் தங்கிக்கொண்டார். மணிமாறன் மாற்றுத் துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்தான். பையில் புடவையை வைத்துவிட்டு, அந்த நோயைப் பற்றி நாமே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று போனை எடுத்தான். முதலில் வந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் தொட்டான்.

‘நீங்கள் இங்கே என்ன பார்க்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்படிக்கு, மணிமாறன்.’

புரியாமல் அடுத்ததைத் தொட்டான். அதுவும் அதேதான். அதற்கடுத்ததும். நோயின் இங்கிலீஷ் பேரிலேயே அவன் மூடிய சொல் இருந்தது. அந்த நோய்க்கென்று இருக்கிற பக்கங்களின் முகவரியிலும் அந்தச் சொல் இருந்தது.

தை மாதம். குழம்புக் கரண்டி. நெசமாவே தெரியுமா தம்பி?

மணிமாறன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி எதைத் தேடினாள் என்று இப்போது அவனுக்கு நிஜமாகவே தெரிந்தது. மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டுப் போனிடம் கேட்டிருக்கிறாள். போனில் கொழுந்தன் வந்து நின்று மிரட்டியிருக்கிறான். தாயைப் போல இருந்தவளை அசிங்கம் பார்க்க வந்தவளாக்கி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறான். அந்த அவமானத்தில்தான் வாயை மூடிக்கொண்டாள்.

உடனே அவன் செய்தது என்ன தெரியுமா? பட்டியலைத் திறந்து அந்தச் சொல்லை அழித்தான். எழுதிவைத்த வாசகத்தையும் அழித்தான். அண்ணன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். அழித்து முடித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், இங்கே நான் தடயத்தை அழிக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

விழுப்புரம் போகிற பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை சொல்லவேண்டாம் என்றே நினைத்தான். சொன்னால் அவள் பழசை நினைத்து நோவாள், உடம்பு தேறட்டும் என்று தனக்குத் தோதாக நியாயம் பேசினான். ஆனால் அவள் இன்னும் அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்ற எண்ணம் அவனை விடவில்லை. அதையாவது இறக்கி வைக்கவேண்டும்.

வார்டில் சித்ராவுக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. “அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காரு. நீ சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “அண்ணி, போன்ல ஒண்ணு எழுதியிருந்துச்சே, எம்பேரு போட்டு. அது உங்களுக்கு எழுதனது இல்லீங்க. தேவாவ மெரட்டறதுக்கு எழுதனது. உங்கள நான் எதுவும் தப்பா நெனைக்கலீங்க அண்ணி. நீங்க இன்னா பாத்தீங்கன்னே எனக்குத் தெரியாது.”

சித்ரா திரும்பிப் பார்த்தாள். “எல்லாம் தெரியும்னு சொன்னியே?”

“பொய்ங்க அண்ணி. சும்மா சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சித்ரா மருந்து பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று மணிமாறன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் முகத்திலோ ஒரு தெளிவு வந்தது. ரொம்ப நாளாகப் புரியாத ஒன்று புரிந்துவிட்ட தெளிவு.

“அப்பிடியா,” என்றாள். “மொதல்ல அத்தப் பாத்துட்டு வெக்கமாத்தான் பூடுச்சி. அதுக்குத்தான் உன்னாண்ட கேட்டுப் பாத்தேன். நீ எல்லாம் தெரியும்னியா, நேரம் வரும்போது பேசிக்கலாம்னியா, செரி, நமக்குக் கட்டி இருக்கறது தம்பிக்குத் தெரிஞ்சிபோச்சி, வாய்விட்டுச் சொல்லவேண்டிய வேல மிச்சம்னு இருந்துட்டேன். நீ கவிதாகிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

மணிமாறன் குனிந்தான். அடுப்படி வாசலில் நின்று தன்னைப் பார்த்த கண்கள் என்ன கேட்டன என்று இப்போதுதான் விளங்கியது. 

ஊசி குத்தாத கையை நீட்டி அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவனுக்குச் சமாதானம் சொல்லத்தான் சொன்னாள்.

“இவ்ளோ விஷயம் தெரிஞ்ச புள்ள, நீயே ஒண்ணும் சொல்லாம இருக்கியேன்னு, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு வுட்டுட்டேன் தம்பி.”