வெட்டிக் கொடுத்த மூன்று செய்திகள்

செவ்வாய்க்கிழமைக்குள் பிரெஞ்சுச் செய்தித்தாளிலிருந்து மூன்று கட்டுரைகளை வெட்டி ஒட்டி, கீழே சுருக்கம் எழுதித் தர வேண்டும். இணையத்தில் எடுத்தது செல்லாது என்று விரிவுரையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேமரூனில் ஆங்கிலம் பேசும் பமெண்டாவில், தனிநாடு கேட்டுக் காட்டிலிருந்து சண்டை போடும் பையன்களிடம் பிரெஞ்சுத் தாளோடு சிக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அல்ல அவர். சொந்தக் காரில் வந்து போகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு?

என் அறைத்தோழி கின்யுய்க்குப் பிரெஞ்சு சுட்டுப்போட்டாலும் வராது. பிரெஞ்சு பேசும் டூவாலாவில் வளர்ந்த எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதனால் அவளுக்கும் நானே தேடினேன். அரசியல், ராணுவம், தேர்தல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கால்பந்து, கோகோ விலை, மழை என்று வம்பில்லாத மூன்றை வெட்டிக் கொடுத்தேன்.

அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறே திரும்பிவிட வேண்டும். திங்கட்கிழமை எப்போதும்போல் காட்டுப் பையன்கள் சொன்ன கடையடைப்பு, வண்டி ஓடாது.

"இதை இங்கயே வச்சிட்டுப் போறேன்டி. காட்டுப் பசங்க வழியில மறிச்சுப் பையைக் கொட்டிப் பாப்பாங்க."

"அப்புறம் எப்ப எழுதுவ? வந்ததும் குறட்டை விட்டுத் தூங்குவ. பந்து விளையாட்டைப் படிச்சதுக்கு உன்னைத் தூக்குலயா போடப் போறாங்க?"

அவள் சிரித்துக்கொண்டே நோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஓர் ஆண்.

"பந்து படத்துக்குப் பின்னால துப்பாக்கியோட சிப்பாய் நிக்கிறான். அரசாங்கப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற விளம்பரம். இவ எப்ப சேரப் போறா?"

முன்பக்கத்தை மட்டுமே பார்த்து வெட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"காலேஜ் பாடத்துக்கு நீதான் வெட்டிக் குடுத்தன்னு சொல்றா. உனக்கு பிரெஞ்சு நல்லாத் தெரியுமாமே. நெசமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குச் சாட்சி. ஆனால் என் பெயரும் எண்ணும் இப்போது அவர்கள் கையில். போன மாதம் எங்கள் விடுதிக்கே வந்து ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவள் திரும்பவில்லை.

பின்னாலிருந்து கின்யுயின் குரல் கேட்டது. "சொல்லுடி. பாடத்துக்குத்தான்னு அவங்ககிட்ட சொல்லு."

"எனக்கு பிரெஞ்சே தெரியாதுங்க," என்றேன்.

"அப்ப இவ பொய் சொல்றா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மற்ற பயணிகளை அனுப்பிவிட்டார்கள், அவளை மட்டும் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள் என்று வண்டி ஓட்டியவர் வந்து சொன்னார். மூன்று வாரமாகிறது. செவ்வாய்க்கிழமை நான் என் கட்டுரைகளைக் கொடுத்தேன். இருபதுக்குப் பதினேழு வாங்கினேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தபடியே தினமும் எனக்கு போன் செய்கிறாள்.

"கடைசியா உன்கூடத்தான் பேசினாளாம். எம்புள்ள என்னம்மா சொன்னா?"

"லைன் சரியில்லம்மா. ஒண்ணும் கேக்கல," என்கிறேன்.