மூக்குப் பங்கு

சத்தியபிரியாவின் பெட்டி மாதம் ஒருமுறை மலையேறி வரும். பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் திருமலைச்சாமிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். "இந்தா உன் பொட்டி, இதத் தேய்ச்சுத்தான் நீ செவக்கப் போறியாக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்ததே இல்லை. இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு துணிப்பை, பைக்குள் பொடிப்பொடியாக நறுக்கிய காகிதம். காகிதத்தைக் கிளறித் தேடினால் நாலைந்து சாம்பிள் அகப்படும். கட்டைவிரல் உயரத்தில் ஒரு டியூப், ஊசிமருந்துக் குப்பி மாதிரி ஒரு சென்ட், முகத்தில் ஒட்டிக்கொள்ள ஈரக் காகிதம் ஒன்று. வெயிலே எட்டிப் பார்க்காத கொடைக்கானலில் இருப்பவளுக்கு வெயில் படாமல் இருக்க ஒரு கிரீமும் தவறாமல் வரும். அதை அனுப்புகிறவர்கள் மேப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

பெட்டி வந்த அன்றைக்கு லினன் ரூமில் அரைமணி நேரம் வேலை ஓடாது. ஹாஸ்டல் பிள்ளைகளின் கம்பளி, விரிப்பு, உல்லன் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. ஜெனி அதற்குப் பொறுப்பு. சத்தியபிரியா அவளுக்கு உதவி. ஜெனிக்கு நாற்பது நெருங்குகிறது, இவளுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. சத்தியபிரியாவின் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது. வீட்டில் இன்னும் சோப்பைச் சவுக்காரம் என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு மாதாமாதம் முகப்பூச்சு வாங்குவது அவளுடைய அப்பா அழகையாவுக்கு இன்றுவரை விளங்காத மர்மம்.

பெட்டியில் இரண்டு பேருக்கும் பாகப்பிரிவினை உண்டு. முகத்தில் பூசுவது சத்தியபிரியாவுக்கு. மோந்து பார்ப்பது எல்லாம் ஜெனிக்கு.

ஜெனிக்கு வாசனை தெரியாது. கொரோனா இரண்டாவது தடவை ஊரைச் சுற்றி அடித்தபோது அவளும் புருஷன் பென்சனும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அவளுக்கு மூக்கு போனது. பென்சன் போயே போய்விட்டான். பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றி வடுகபட்டிச் சந்தையில் இறக்கிக்கொண்டிருந்த பிக்கப் வண்டிக்காரன், நல்ல திடகாத்திரமான ஆள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது தானே நடந்துபோய் ஏறினான். திரும்பி வரும்போது பொட்டலமாக வந்தான். ஜெனியை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. யாரோ புதைத்தார்கள், யாரோ போனில் படம் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் கிடையாது. அழுகை வரும் வரும் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. அப்புறம் வேலைக்குப் போனாள், சோறு பொங்கினாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். சாப்பாடு வாயில் மண் மாதிரி இருந்தது. மற்றதும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. அவள் குடியிருந்த செண்பகனூர்ப் பெண்கள் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கு வந்தபோது, இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு ஸ்வெட்டர். பென்சன் வண்டிக்குப் போட்டுப் போகிற காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். மலைப்பூண்டும் டீசலும் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்து அதில் ஒரு நெடி ஏறிப்போயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் அந்த ஸ்வெட்டருக்கும் ஆகாது. "அந்த நாத்தத்த வெளியவே கழட்டி மாட்டிட்டு உள்ள வாங்க" என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வருவான். அவன் செத்த பிறகு அவன் படுத்த பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் ஆட்கள் வந்து எரித்தார்கள். வாசல் ஆணியில் தொங்கியது அவர்கள் கண்ணில் படவில்லை.

அதை எடுத்து முகத்தில் அழுத்தி மோந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. கம்பளி கன்னத்தில் குத்தியது, அவ்வளவுதான். அவன் அதற்குள்தான் இருக்கிறான், கதவு அவள் பக்கம் சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மூக்கு திறந்தால் அழுகையும் திறந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை அன்றைக்கே அவளுக்குள் விழுந்துவிட்டது.

அதனால் ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை. கம்பளியைக் காப்பாற்றுவது அவளுக்குத் தெரிந்த சோலி. வெள்ளைத்துணியில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியில் வைத்து, நாலு மூலைக்கும் நடுவிலும் அந்துருண்டை போட்டு மூடினாள். வாசம் போய்விடும் என்று திறப்பதே இல்லை. மழைக்காலத்தில் ஒரே ஒருமுறை, பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் திறப்பாள். கரைந்துபோன உருண்டைகளுக்குப் பதில் புதிதாகப் போட்டு உடனே மூடிவிடுவாள்.

"நாலு விதமான வாசனையைத் தினமும் மோந்து பழகுங்க, வந்தாலும் வரலாம்" என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லியிருந்தார். கிராம்பு, எலுமிச்சை என்று ஏதோ எழுதிக் கொடுத்தார்.

"கிராம்பா? பிரியாணிக்கா சாமான் வாங்குறீங்க, அக்கா?" என்று சத்தியபிரியா அதைத் தள்ளிவிட்டாள். "என் பொட்டியில வர்றத மோந்து பாருங்க. மூக்கு தானா எந்திரிச்சு உக்காரும்."

முதலில் ஒருதரம் ஜெனி ஏமாந்தாள். ஒரு குப்பியை மோந்துவிட்டு ரோஜா என்றாள். சத்தியபிரியா குதித்துவிட்டாள். ஆனால் குப்பியில் ரோஜாப்பூப் படம் போட்டிருந்தது. அதிலிருந்து கண்ணை மூடச் சொல்லித்தான் பரீட்சை. முகத்தில் ஈரக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணும் வாயும் மட்டும் தெரிய, பேய் மாதிரி எதிரில் உட்கார்ந்து சத்தியபிரியா ஒவ்வொரு குப்பியாக நீட்டுவாள்.

"இது?"

"தெரியல."

"இது?"

"தெரியலடி."

"நல்லா இழுத்து மோந்து பாருங்கக்கா. காசு குடுத்து வாங்குனது."

ஜெனிக்குச் சிரிப்புகூட வரும், முகம் வரைக்கும். குப்பிகளை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் ஜன்னலோரம் நின்று வரிசையாக மோந்து பார்ப்பாள். மாமியார் சூசையம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். பென்சனின் அம்மா. பால் அடிப்பிடித்தால், கேஸ் கசிந்தால், கறி கெட்டுப்போயிருந்தால் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே மூக்கு அவருடையதுதான்.

டிசம்பரில் பிள்ளைகள் லீவுக்குப் போனதும் கம்பளிகளை மூட்டை கட்டுகிற வேலை வந்தது. ஆளுக்கு ஒரு முனை பிடித்து உதறி, மடித்து, அடுக்கி, நடுநடுவே அந்துருண்டை போடவேண்டும். ஜெனி கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டே போனாள். சத்தியபிரியாவுக்கு இருமல் பிடுங்கியது.

"அக்கா, போதுங்கக்கா. பூச்சி சாகுறதுக்கு முன்னால நான் செத்துருவேன்."

"ரெண்டு கூடப் போட்டாத்தான் நிக்கும்."

"உங்களுக்கென்ன, தெரியாது. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது" என்று சொல்லிவிட்டு சத்தியபிரியா ஜன்னலைத் திறந்துவைத்தாள். சொன்னது ஒரு மாதிரி ஆகிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். ஜெனி அடுத்த கம்பளிக்குப் போயிருந்தாள்.

அந்த மாதப் பெட்டியில் சென்ட் வரவில்லை. கைக்குப் பூசுகிற ஒரு கிரீம்தான் இருந்தது. நியாயப்படி அது சத்தியபிரியாவின் பங்கு. "குளிர்ல உங்க கை வெடிச்சுக் கெடக்கு, வச்சுக்கங்க" என்று அவளாகவே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே, பூசைக்குக் கிளம்புமுன், ஜெனி அந்த டியூபைப் பிதுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோந்து பார்க்கவேண்டும் என்ற நினைப்பே இல்லை. மூக்கு அரித்ததென்று கையைக் கொண்டுபோனாள். எங்கேயோ அடுத்த தெருவில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற மாதிரி இருந்தது.

டியூபைப் பார்த்தாள். படமில்லை, ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை டியூப். கையைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி மோந்தாள். இருந்தது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். தீய்ந்த வாடை மாதிரிதான் வந்தது, ஆனாலும் வந்தது. டப்பாவை மூடக்கூட இல்லை. உள்ளே போய், ட்ரங்குப் பெட்டியின்மேல் இருந்த தலையணைகளை இழுத்துக் கீழே போட்டாள். வெள்ளைத்துணியைப் பிரித்து, ஸ்வெட்டரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தைப் புதைத்தாள்.

அந்துருண்டை.

இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செத்துக்கிடந்த மூக்குக்குத் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது அதுதான். அக்குளில் மோந்தாள். கழுத்துப் பட்டியில் மோந்தாள். கையைத் திருப்பி உள்பக்கம் மோந்தாள். எங்கே தொட்டாலும் லினன் ரூம். பென்சன் எங்கேயும் இல்லை. சோப்புக்குத் தப்பியவன், தீக்குத் தப்பியவன். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று கைநிறைய அள்ளிப் போட்டது அவள்தான்.

சூசையம்மாள் நிலைப்படியில் வந்து நின்றிருந்தார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை.

"வந்துருச்சா?" என்றார்.

ஜெனி தலையாட்டினாள். "அந்துருண்டைதாங்க அத்தை வருது. வேற ஒண்ணும் வரல."

"ம்."

அந்த ஒற்றை எழுத்தில் ஜெனிக்கு விளங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

சூசையம்மாள் பக்கத்தில் வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "மொத மழைக்கு நீ தொறந்தப்ப கொஞ்சூண்டு இருந்துச்சு. நீ அங்கிட்டுப் போன நேரம் எடுத்து மோந்தேன். அடுத்த மழைக்கு அதுவும் இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? அவன் உள்ள இருக்கான்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்த. மாசாமாசம் அந்தப் புள்ளகிட்ட குப்பி வாங்கியாந்து மோந்துக்கிட்டு நிக்கிற. நீ நெனக்கிற வரைக்கும் எனக்கும் அவன் கொஞ்சம் இருந்தான்."

கோயில் மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஜெனி அழுகைக்காகக் காத்திருந்தாள். இப்போதாவது வரவேண்டுமே, வராமல் எப்படி என்று நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். மரத்துப்போன காலை ஊன்றுகிற மாதிரி இருந்தது. கால் இருக்கிறது, தரையும் இருக்கிறது, ஒன்றோடொன்று சேரவில்லை. சூசையம்மாள் ஸ்வெட்டரை அவள் கையிலிருந்து வாங்கி, மடியில் போட்டு, கையை உள்ளே விட்டு ஒரு சுருக்கத்தை நீவினார். "நல்ல கம்பளி. ஒரு எழை பிரியல" என்றார்.

மறுநாள் பனி கொட்டியது. ஜெனி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். பெட்டிக்குள் வைத்துக் காப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, குளிருக்கு ஆகும். தோள் இறங்கி, கை விரல்நுனி வரைக்கும் வந்தது. இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டாள். டவுன்பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முகத்தைத் திருப்பி ஜன்னலைத் திறந்தாள். ஏன் என்று ஜெனிக்குத் தெரிந்தது.

லினன் ரூமில் சத்தியபிரியா முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனி உள்ளே வந்ததும் திரும்பாமலே மூக்கைப் பொத்தினாள். "புதுசா வேற உருண்டை வாங்கியாந்துட்டீங்களாக்கா? நெடி தாங்கல."

"புதுசு இல்ல. என் ஸ்வெட்டர்ல இருந்துதான் வருது. எனக்கே தலை வலிக்குது."

சத்தியபிரியாவின் கை நின்றது. திரும்பும்போது அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா. தெரியுதா? நெசமாவே தெரியுதா? எதுலக்கா வந்துச்சு, அந்தக் கை கிரீம்லயா?"

"ஆமா. அதுலதான்."

"நான் சொன்னேன்ல. நான்..." என்றவள் அப்போதுதான் ஸ்வெட்டரைப் பார்த்தாள். காப்பிக்கொட்டை நிறம், மடித்துவிட்ட கை. அது எதற்காக ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது என்று ஜெனி சொல்லி அவளுக்குத் தெரியும். மாதாமாதம் எதற்காகக் குப்பி கொடுத்தாள் என்பதும் தெரியும். கிட்டே வந்து ஜெனியின் தோளில் மூக்கை வைத்தாள். ஒருதரம் மோந்தாள், இன்னொருதரம் மோந்தாள். பிறகு அப்படியே, அந்தத் தோளிலேயே, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். பென்சனை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஜெனி நின்றுகொண்டிருந்தாள். தோள் நனைவது தெரிந்தது. அழுகிற பெண்ணின் தலையிலிருந்து ஷாம்பூ சாம்பிளோ என்னவோ, லேசாக ஒரு பூவாடை வந்தது. அது என்ன பூ என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. ஒருத்தராவது அழுதார்களே என்று மட்டும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அழுது முடிக்கும் மட்டும் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு கம்பளியின் ஒரு முனையை எடுத்து நீட்டினாள். சத்தியபிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறி மடித்தார்கள். ஜெனி அந்துருண்டைப் பொட்டலத்துக்குள் கையை விட்டு, ஒன்றே ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, பொட்டலத்தை இறுக்கிக் கட்டினாள்.