மாலை போட ஆளில்லை

மைக்கைக் கையில் பிடித்துவிட்டால் ஜானகியம்மாளுக்குத் தலைகால் புரியாது. மாதர் சங்கத் தலைவி, நல்ல மனுஷிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! மொரப்பூர்க் கல்யாண மண்டபத்தில் அன்று கூட்டம் நெருக்கியடித்தது. மேடையில் டாக்டர் ஹமீதுன்னிசா கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தியாயிற்று, சந்தனம் கொடுத்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். அம்மாள் விடவில்லை.

"நம்ம டாக்டரம்மா வாரா வாரம் சங்கத்துக்கு வந்து சும்மா காய்ச்சலுக்கு ஊசி போட்டுட்டுப் போகலைங்க. பெருவியாதி வந்த பொம்பளைங்களுக்கு ஒத்தப் பைசா வாங்காம வைத்தியம் பாத்துக் குணமாக்கியிருக்காங்க! குணமானவங்க இங்கயேதான் இருக்கீங்க. வெக்கப்படாம மேல வந்து ஆளுக்கொரு மாலை போடுங்க!"

பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவள் புருஷன் சென்றாயன் கழுத்தை நீட்டி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த விழாவுக்கும் வராத மனுஷன், இன்றைக்கு என்று பார்த்து, "நானும் வரேன்" என்று கிளம்பி வந்திருந்தான். ஏன் வந்தான்? யாராவது அவனிடம் எதையாவது போட்டுக் கொடுத்துவிட்டார்களா? காலையிலிருந்து இதே நினைப்பாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்துத் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். பொய்யும் இல்லை, போன புதிதில் தையல்தான் படித்தாள். முழங்கைக்கு மேலே இருந்த தேமலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகால் வருடி, "இப்ப தெரியுதா?" என்று கேட்டார். தொட்டதே இவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது தொழுநோய் மாத்திரை. ராகிப் பானைக்குள் ஒளித்து வைத்து, மாமியார் கண்ணில் மண்ணைத் தூவி, ஒன்று விடாமல் விழுங்கி முடித்தாள். "இனிமே உனக்கு ஒண்ணுமில்ல கண்ணம்மா, உன்னால யாருக்கும் வரவும் வராது" என்று டாக்டரம்மா சொன்ன அன்று தையல் மிஷின் மேலேயே கவிழ்ந்து அழுதாள்.

அப்போதும் புருஷனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பக்கத்து வீட்டு மாதம்மாளுக்கு இதே வியாதி என்று ஊருக்குத் தெரிந்த அன்றே அவளை ஏரியூருக்கு, தாய் வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகளை இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. கண்ணம்மாளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன.

"வாங்கம்மா, என்ன கூச்சம்?" என்றாள் ஜானகியம்மாள் மறுபடியும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் குணமானவர்கள் இன்னும் சிலர் இருந்தது கண்ணம்மாளுக்குத் தெரியும். ஒருத்தி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். இன்னொருத்தி மகள் தலையில் இல்லாத பேனைத் தேடினாள். தாம்பாளத்தில் மாலைகள் குவிந்து கிடந்தன. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "ஒரு தலையும் காணோமே!" என்று சொல்ல, சிரிப்பு கிளம்பியது. கண்ணம்மாளுக்கு எழுந்து ஓடிப்போய் டாக்டரம்மா கழுத்தில் மாலையைப் போட வேண்டும் போல இருந்தது. புருஷன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். டாக்டரம்மாவின் பார்வை வரிசை வரிசையாக வந்து, அவளை முன்பின் பார்த்திராதது போலத் தாண்டிப் போனது. வெளியில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டேன் என்று அவர் எப்போதோ கொடுத்த வாக்கு அது.

கடைசியில் அவரே மைக்கை வாங்கினார். "மாலையெல்லாம் வேணாங்க. எனக்குக் கழுத்து அரிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். விழா முடிந்தது.

தப்பித்துவிட்ட நிம்மதி வரவில்லை. நன்றி கெட்டவள், நன்றி கெட்டவள் என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் சென்றாயன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

"அத்தனையும் புருடா" என்றான் திடீரென்று.

"எதுங்க?"

"பெருவியாதி குணமாவுதாம்! குணமாயிருந்தா ஒருத்தியாச்சும் மேடை ஏறியிருக்க மாட்டாளா? அந்த டாக்டரு பொய்யி, சங்கமும் பொய்யி. பேர் வாங்கறதுக்கு ஒரு விழா. த்தூ!"

கண்ணம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"வாய அடக்குங்க! அந்தம்மாவப் பத்திப் பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஏறியிருக்க வேண்டியவ நான்தான். எனக்குத்தான் பாத்தாங்க!" ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். "இங்கதான் இருந்துச்சு. இப்ப பாருங்க. இருக்குதா? அனுப்பறதுன்னா எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க. புள்ளைங்கள மட்டும் எங்கிட்டருந்து பிரிச்சிடாதீங்க."

 அடிப்பான் என்று நினைத்தாள். சென்றாயன் அவள் கையையே வெறித்துப் பார்த்தான். பிறகு சாலையோரக் கல்வெர்ட்டுத் திண்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கினான். உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தேமல்.

"ஆடியிலருந்து இருக்குது. முள்ளால குத்தினாக்கூடத் தெரியல. சொன்னா நீ புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிடுவியோன்னு..."

"அடப் பாவி மனுஷா! கட்டினவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினாள் கண்ணம்மாள். கத்திய பிறகுதான், அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று உறைத்தது.

பஸ் வந்து நின்று, இவர்களுக்காக ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. சென்றாயன் தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன் கண்ணு," என்றான் தாழ்ந்த குரலில். "அந்தம்மா ஆம்பளைங்களுக்கும் பாப்பாங்களா?"