சந்தனம் பூசிய மீட்டர்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, கிழக்கு முகமாக நின்று சத்தியம் செய்த பிறகே சொல்லப்படுகிறது இது. இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

ஆயுதபூசைக்கு மறுநாள் காலை. ஆவடியில் ஒரு டயாலிசிஸ் மையம். இயந்திரத்தில் ஓடும் உப்புக் கரைசலை டெக்னீஷியன் பெனிஷா, உப்பின் அளவு காட்டும் கைமீட்டரால் வழக்கம்போலச் சோதித்தாள். இயந்திரம் பதினான்கு என்றது. மீட்டரோ பதின்மூன்றுக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. இரண்டும் ஒத்துப்போகாமல் யாருக்கும் ஊசி குத்தக் கூடாது. நாற்காலியில் நோயாளி பிரகாசம், கால் வீங்கி, மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார்.

“மெசினு பொய் சொல்லுது. உப்பக் கொஞ்சம் ஏத்தி உடும்மா,” என்றார் வார்டு உதவியாளர் சின்னப்பையன்.

“ஏத்துனா அங்கிள் ஊறுகா ஆயிடுவாருண்ணே. மொதல்ல மீட்டரு யோக்கியமான்னு பாப்போம்.”

“அத்தப் போயி சந்தேகப்படுறியே! நேத்து அதுக்குத்தான் மொத பூசை!”

சரியாகப் பதினான்கு காட்டவேண்டிய சோதனைக் கரைசலில் மீட்டரை முக்கினாள் பெனிஷா. அங்கேயும் அதே பதின்மூன்று. திருடன் அகப்பட்டான். திருப்பிப் பார்த்தால், மீட்டரின் மூக்கில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

“இன்னாண்ணே இது?”

“மெசினுக்குப் பொட்டு வெச்சிட்டு இத்த சும்மா உட்டா, கோச்சிக்கினு பூடாதா?”

“சீக்கிரம் குளிப்பாட்டும்மா,” என்றார் பிரகாசம், இரைப்புக்கு நடுவே. “எனக்கு முன்னாடி அதுக்கு டயாலிசிஸ் நடக்குது.”

மீட்டரைச் சுத்த நீரில் அலசி, மெல்லிய தூரிகையால் சந்தனத்தைத் தேய்த்தெடுத்து, சோதனைக் கரைசலில் வைத்துத் திருத்தினாள். பதினான்கு! இயந்திரத்துக் கரைசலில் முக்கினாள். பதினான்கு! ஊசி ஏறியது. மதியத்துக்குள் பிரகாசத்தின் மூச்சு சீராகி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் அரசியல் சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

அந்த மீட்டரின் நேர்மை அதோடு நிற்கவில்லை, காற்றில் பரவிற்று. சுவர்க் கடிகாரம் தானே முள்ளைச் சரியான நேரத்துக்கு நகர்த்திக்கொண்டது. அண்ணனூரில் மின்ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதால், பாதி ஊர் அதைத் தவறவிட்டது. பிரகாசத்தை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் பரந்தாமன், “மீட்டர் போடட்டா நைனா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். மையத்தின் வாசலில் கைதட்டல் எழும்பியது; சின்னப்பையன் பெனிஷாவுக்கே பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

அந்த மையம் திறக்கப்பட்டதே, அதற்கடுத்த தை மாதத்தில்தான்.