அடிமணல்

பல் டாக்டருக்கு ஊரில் இருந்த மரியாதையில் பாதி அவர் கைராசியால் வந்தது. மீதிப் பாதி அவர் கிளினிக்கின் வரவேற்பறையில் இருந்த கடலால் வந்தது. ஆள் உயரத்துக்கு நீளமான கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பவளங்கள், அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள். பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்துப் பயத்தை மறந்து, மறுபடி நாற்காலியில் சாய்ந்ததும் நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கடலை உண்டாக்கியது தன் மனைவி என்பதை டாக்டர் ஒருநாளும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மீன்களில் பெரியதை டாக்டர் என்றும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு திரியும் சின்னதை டாக்டரம்மா என்றும் அவர் நோயாளிகளுக்கு அறிமுகம் செய்வார். உண்மையில் பெரியதுதான் பெண். மனைவிக்கும் மகளுக்கும் அது தெரியும். அவர் முகம் வாடுமே என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

மற்றவர்கள் வீட்டுத் தொட்டிகளில் ஒரு பிடி கூழாங்கல் கிடக்கும். இதில் ஒரு சாண் ஆழத்துக்கு மணல். மேலே வெள்ளை, கீழே போகப் போகப் பழுப்பு, அடியில் கறுப்பு. எதற்கு இவ்வளவு மணல் என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"மேல இருக்கறது பார்க்கறதுக்குங்க. அடியில இருக்கறதுதான் வேலை பார்க்குது," என்றாள் மனைவி. மீன் கழிவு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விஷமாகிறது. காற்றுப் புகாத அடிமணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்து அதைத் தின்று குமிழியாக விட்டுவிடுகின்றன. மேல்மணல் இறுகிவிடாமல் புழுக்கள் குடைந்துகொண்டே இருக்கின்றன. "அதுங்களுக்கு லீவும் கிடையாது, பாராட்டு விழாவும் கிடையாது. நம்ம கை மட்டும் படாம இருந்தா போதும்."

"ம்," என்றார் டாக்டர். அன்று அவருக்கு ஒரு பாராட்டு விழா இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. கட்டிலில் படுத்தபடி அவள் சொன்ன வீட்டுக் காரியங்கள் சொற்பம். "கேஸை மூடிட்டுப் படுங்க. மணல்ல கை வைக்காதீங்க." அவர் சரி சரி என்றார். தினமும் இரண்டு வேளை பல் துலக்கச் சொன்னால் நோயாளிகள் சொல்வார்களே, அந்தச் சரி.

ஆனால் அதற்குப் பிறகு அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டதைக் குறை சொல்ல முடியாது. உப்பைக் கரைத்தார், தீனி போட்டார், குறைந்த தண்ணீரை நிரப்பினார். கிளினிக் திறப்பதற்கு முன் காப்பித் தம்ளரோடு அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். வெளியூரில் படிக்கும் மகள் போன் பண்ணினால் முதல் கேள்வியே, "தொட்டி நல்லா இருக்காப்பா?" என்பதுதான். அவர் நன்றாக இருக்கிறாரா என்பது இரண்டாவது கேள்வி. அம்மா போனபின் முதல் தடவையாக அவள் லீவுக்கு வருவதாகச் சொன்னாள். "தொட்டியப் பார்க்கணும்ப்பா," என்றாள். வேறு யாரையும் பார்க்க வருவதாகச் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பல் மருத்துவர் சங்கத் தலைவர் வந்தார். சங்கம் அந்த ஆண்டு "தூய்மைச் செம்மல்" என்று ஒரு விருதைக் கண்டுபிடித்திருந்தது. போன ஆண்டு டாக்டருக்குக் கொடுத்த விருதையே மறுபடி கொடுக்க முடியாதென்பதால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தலைவர் வெள்ளைக் கைக்குட்டையால் மேசையைத் தடவினார், நாற்காலியைத் தடவினார், சந்தேகத்துக்குத் தன் மூக்கையும் தடவிக்கொண்டார். தொட்டி முன்னால் வந்ததும் குனிந்தார்.

"என்ன டாக்டர், அடியில இப்படிக் கறுப்பா? உங்க கடலுக்கே காரை பிடிச்சிருக்கே!"

கூட வந்த போட்டோக்காரர் தன் பங்குக்குச் சிரித்தார்.

அது அப்படித்தான் இருக்கவேண்டும், என் மனைவி சொல்லியிருக்கிறாள் என்று ஒரு வரி போதும். ஆனால் ஊரையே வாயைத் திறக்கச் சொல்லி அறிவுரை வழங்கியவருக்கு, மனைவி சொன்னாள் என்று ஆரம்பிக்கும் வாக்கியம் வாயில் வரவில்லை.

"கிளீன் பண்ணப் போறேன் சார். அடுத்த வாரம் நீங்க வரும்போது பாருங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கையுறை மாட்டினார். சீட்டுக் கொடுத்துப் பெயர் கூப்பிடுவதால் எல்லாராலும் டோக்கன் அக்கா என்றழைக்கப்பட்ட வரவேற்பாளர் வாளியோடு நின்றாள்.

"உங்க வீட்டு அக்கா மணலைத் தொடவே கூடாதும்பாங்களே டாக்டர்?"

"அவளுக்கு இடுப்பு வலி. குனிய முடியாது. அதனால சொன்னது."

"எனக்கென்னமோ பயமா இருக்கு."

"உனக்கு ஊசியப் பார்த்தாலே பயம். வாளியப் பிடி."

எச்சில் உறிஞ்சும் குழாயை மணலில் விட்டு அடிவரை குடைந்தார். கறுப்பு, புகை மாதிரி கிளம்பித் தொட்டி முழுக்கப் பரவியது. அழுகிய முட்டை நாற்றம் அறையைத் தூக்கியது. "பார்த்தியா, எவ்வளவு அழுக்கு!" என்றார் டாக்டர், சொத்தைப் பல்லை இடுக்கியில் தூக்கிக் காட்டும் அதே பெருமையோடு. சிவப்பாக நீளமாக ஒரு புழு நெளிந்து வந்தது. பஞ்சில் துடைத்துப் போட்டார். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஏதோ நோயாளியின் பிள்ளை கிறுக்கியது என்று பிளேடால் சுரண்டினார். பிறகு கடையில் வாங்கிய புது மணலை விரல் கனத்துக்குத் தூவினார். பற்பசை விளம்பரம் போல வெளுப்பாக இருந்தது.

சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளங்கள் சுருங்கிக் கோழை கக்கின. டாக்டர் தண்ணீரை மாற்றினார், இன்னொரு பம்ப் போட்டார், சட்டையோடு கை விட்டு மீனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிந்தபோது எல்லாமே போயிருந்தது. சின்ன மீன் மட்டும் ஒரு மூலையில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் அதுவும் நின்றது.

மனைவி போன அன்றுகூட டாக்டர் மூன்று பேருக்கு ஆறுதல் சொன்னார். மீன்கள் போன அன்று கிளினிக்கைப் பூட்டினார்.

மீன்கடைக்காரர் வந்து முகர்ந்து பார்த்தார். "கண்ணு பட்டிருக்கு டாக்டர்," என்றார். அதற்கும் அவரிடம் ஒரு பாட்டில் மருந்து இருந்தது. டாக்டர் வாங்கிக்கொண்டார். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, அதே ஆரஞ்சு, அதே வெள்ளைக் கோடு என்று இரண்டு மீன்களைத் தேடிப் பிடித்தார். பவளத் துண்டுகளைப் பழைய இடங்களிலேயே ஒட்டினார். மகளுக்குத் தெரியாது என்று நம்பினார். பொய்ப்பல் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தலைவர் வந்தார், போட்டோ எடுத்தார்கள், கேடயம் சுவரில் ஏறியது. மறுநாள் மகள் வந்தாள்.

கிளினிக்கில் மத்தியான இடைவேளை. பையை வைத்த கையோடு அவள் திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். டாக்டர் மீன்களுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்.

"டாக்டரும் டாக்டரம்மாவும் எப்படிப் பெருத்துட்டாங்க பாரு," என்றார்.

மகள் மீன்களை ஏறிட்டே பார்க்கவில்லை. தரையில் குப்புறப் படுத்தாள். பையிலிருந்து டார்ச்சை எடுத்து, கண்ணாடியின் அடி ஓரத்தில் பிடித்தாள். வெள்ளை மணல். டார்ச்சை மெல்ல நகர்த்தினாள், மறுகோடி வரை. திரும்ப ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்குப்பா," என்றாள்.

விருது கொடுத்தபோது அதே சொல்லில் கேட்காத கனம் இதில் இருந்தது.

"பழைய மணல் எங்கப்பா?"

"பின்னாடி பூச்செடிக்குப் போட்டோம்."

"உப்பு மணலையா?"

"செடியும் போச்சு," என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடியை விரலால் தடவினாள். பிளேடுக்குத் தப்பி ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மூலையில் மிச்சம் இருந்தது.

"இது அம்மாவோட நெயில் பாலிஷ். வாட்ச்மேன் ஒவ்வொரு லீவுக்கும் எங்க வளை தோண்டியிருக்கான்னு நானும் அம்மாவும் புள்ளி வெச்சுக்கிட்டே வருவோம். நான் இல்லாதப்ப அம்மா வெச்சுட்டு போன்ல சொல்வாங்க."

"வாட்ச்மேனா?"

"புழுப்பா. சிவப்பா, இவ்ளோ நீளம்." கண்ணாடிமேல் விரலை இழுத்துக் காட்டினாள். "நான் ஸ்கூல் படிக்கும்போதிருந்தே இருந்தான்."

டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மீன்கள் தெரியவில்லை, கேடயமும் தெரியவில்லை. மணல் மட்டும்தான்.

"உங்கம்மா சொன்னா," என்று ஆரம்பித்தார். "மணல்ல கை வைக்காதீங்கன்னு சொன்னா. ஆஸ்பத்திரில வெச்சே சொன்னா."

கையுறை மாட்டாத இரண்டு கையும் மடியில் கிடந்தன.

டோக்கன் அக்கா கதவைத் தட்டி, ஆள் வந்துட்டாங்க டாக்டர் என்றாள். இருவரும் எழுந்திருக்கவில்லை. மகள் டார்ச்சை மறுபடி மூலையிலிருந்து, முதலிலிருந்து, நகர்த்த ஆரம்பித்தாள்.